ஃபெரட்டும் இன்புளுயன்சாக் காய்ச்சலும்: நோயுற்ற விலங்கைப் பேணும் முறை

விலங்குகளிடமிருந்து மனிதர்க்கு நோய் தொற்றுவதைப் பலரும் அறிவர். வெறிநாய்க்கடி அதற்குத் தக்க சான்று. ஆயின், மனிதரிடமிருந்து விலங்குகளுக்கு நோய் செல்வதும் உண்டு என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கவல்ல விலங்கு ஃபெரட் ஆகும். அதனை வளர்ப்பவருக்கு இன்புளுயன்சாக் காய்ச்சல் கண்டால், இரண்டொரு நாட்களில் அவருடைய ஃபெரட்டும் தும்மத் தொடங்கலாம். அத்தும்மலிலிருந்து அந்நோய் வீட்டிலுள்ள மற்றொருவரைப் பற்றலாம். ஆதலின், இவ்விலங்கின் நோய்க்குச் செய்யும் பணிவிடை, அதைப் பேணுபவர் தம் கைகளையும் மூச்சையும் கட்டுப்படுத்துவதிலிருந்தே தொடங்குகிறது.

விலங்கின் இயல்பு

ஃபெரட் நீண்டு மெலிந்த உடலும் குட்டையான கால்களும் கொண்ட சிறிய ஊனுண்ணி. தோற்றத்தில் கீரியை நினைவூட்டும். எனினும் அது கீரியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் வாழும் போல்கேட் என்னும் காட்டு விலங்கின் வழிவந்த இது, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக மனிதரோடு பழகி வருகிறது. முயல் வளைக்குள் நுழைந்து முயல்களை வெளியே விரட்டுவதற்காக முற்காலத்தில் இதனை வளர்த்தனர். இன்று பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கின்றனர். இந்தியாவில் இதனை வளர்ப்போர் மிகச் சிலரே.

நோயைக் கண்டறிய வேண்டுமாயின் நலமுள்ள நிலையை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். பெண் ஃபெரட்டின் எடை பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கு உட்பட்டது. ஆணின் எடை ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரை இருக்கும். உடல் வெப்பம் 100 முதல் 104 பாரன்ஹீட் பாகை வரை, அதாவது 37.8 முதல் 40 சென்டிகிரேடு பாகை வரை, மாறுபடும். மனிதருக்குக் கடுங்காய்ச்சல் என்று கருதப்படும் அளவு இவ்விலங்குக்கு இயல்பான அளவாகவே இருக்கக்கூடும். இதன் குடல் குட்டையானது. உண்ட உணவு மூன்று நான்கு மணி நேரத்தில் உடலைக் கடந்துவிடுகிறது. ஆதலின் நெடுநேரப் பட்டினியை இது தாங்காது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றலும் இதற்கு மிகக் குறைவு. இவ்விரு இயல்புகளும் நோய்க்காலத்தில் பெரிதும் கருத்திற்கொள்ளத் தக்கவை.

ஆய்வுக்கூடம் கண்ட உண்மை

மனிதருடைய இன்புளுயன்சா ஃபெரட்டைப் பற்றும் என்பது முதன்முதலாக உறுதிப்பட்டது 1933ஆம் ஆண்டில். இலண்டனைச் சார்ந்த மில் ஹில் என்னுமிடத்தில், பிரிட்டனின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓர் ஆய்வுப் பண்ணை இருந்தது. அங்கே 1920களில் பாட்ரிக் லெய்ட்லாவும் டங்கினும் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயை ஆராய்ந்தனர். அந்நோய் ஃபெரட்டையும் தாக்குமாதலால், ஃபெரட்டுகளைத் தனித்தனியே காத்து ஆராயும் முறைகள் அங்கே வகுக்கப்பட்டிருந்தன.

1933இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இன்புளுயன்சா பரவியபோது, வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் இம்முறைகளைப் பயன்படுத்தினர். நோயாளிகள் தொண்டை கொப்பளித்த நீரைப் பாக்டீரியாக்கள் புகமுடியாத வடிகட்டியின் வழியே செலுத்தி, வடிந்த நீரை ஃபெரட்டின் மூக்கில் இட்டனர். இரண்டு நாட்கள் கழிந்ததும் விலங்குக்குக் காய்ச்சல் கண்டது, மூக்கில் நீர் ஒழுகியது, தும்மல் எழுந்தது. நோயுற்ற ஃபெரட்டோடு ஒரே கூண்டில் விடப்பட்ட நலமுள்ள ஃபெரட்டும் அதே நோயை அடைந்தது. வடிகட்டியில் தங்காமல் கடந்துசென்ற நோய்க்காரணம் பாக்டீரியா அன்று, வைரஸே என்பது இதனால் விளங்கியது. இவ்வாய்வு அவ்வாண்டு ஜூலையில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1936இல், இதன் மறுபாதியும் வெளிப்பட்டது. ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்னும் ஆய்வாளர், நோயுற்ற ஒரு ஃபெரட்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது அவர் முகத்தெதிரே தும்மியது. ஏறத்தாழ இரண்டு நாட்களில் அவருக்கு இன்புளுயன்சா கண்டது. அவரிடமிருந்து வைரஸையும் பிரித்தெடுத்தனர். மனிதரிடமிருந்து விலங்குக்குச் சென்ற நோய் மீண்டும் மனிதரிடமே திரும்பியதற்கு அந்த ஒரு தும்மல் சான்றாயிற்று.

ஃபெரட்டுக்கு இத்தகைய இயல்பு அமைந்ததன் காரணம் பின்னர் விளங்கியது. இன்புளுயன்சா வைரஸ் உயிரணுவினுள் நுழையுமுன், அதன் மேற்புறத்திலுள்ள சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. மனிதரின் மூச்சுப்பாதையில் அமைந்துள்ள அதே வகைப் பிணைப்புடைய சயாலிக் அமிலம் ஃபெரட்டின் மூச்சுப்பாதையிலும் மிகுதியாக உள்ளது. பூட்டு ஒன்றாதலின் திறவுகோலும் ஒன்றாகவே பொருந்துகிறது. இன்றும் உலக அளவில் இன்புளுயன்சாத் தடுப்பூசிக்குரிய வைரஸ் வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஃபெரட்டிலிருந்து எடுத்த சீரத்தைக் கொண்டே அவற்றின் வேறுபாடுகளை ஒப்பிடுகின்றனர்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்ற செய்தியன்று. 2009ஆம் ஆண்டு எச்1என்1 வகை இன்புளுயன்சா உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வீட்டில் வளர்ந்த ஒரு ஃபெரட்டுக்கு அந்நோய் தொற்றியது சோதனையால் உறுதி செய்யப்பட்டது. அதை வளர்த்தவர் அதற்குமுன் காய்ச்சலுற்றிருந்தார்.

நோயின் போக்கு

வைரஸ் புகுந்து ஏறத்தாழ இரண்டு நாட்களில் அறிகுறிகள் தோன்றும். முதலில் விலங்கு சோர்ந்து உறங்கும், விளையாட்டை விரும்பாது. உடல் வெப்பம் உயரும். தும்மல், மூக்கில் தெளிந்த நீர், கண்களில் நீர், வெளிச்சத்தைக் கண்டு கண்களை இடுக்குதல், பசியின்மை ஆகியவை தொடரும். சிலவற்றுக்கு இருமலும் சிலவற்றுக்குக் கழிச்சலும் காணப்படும். வெப்பம் ஒருமுறை தணிந்து மீண்டும் உயர்வதுண்டு. முதல் தணிவைக் கண்டு நோய் நீங்கிற்று என்று முடிவு செய்தல் தவறு.

நலமாக வளர்ந்த ஃபெரட்டில் நோய் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் அடங்கிவிடும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் விலங்கு தானே தேறும். ஆயின் பிறந்து சில நாட்களேயான குட்டிகளுக்கு இந்நோய் கொடியது. அவற்றின் மூக்குத் துளைகள் மிகச் சிறியவை; அவை சளியால் அடைபட்டால் பால் குடிக்க இயலாமல் குட்டிகள் இறக்கக்கூடும். முதுமையடைந்த விலங்குகளும் வேறு நோயால் நலிந்தவையும் இடர் மிகுந்தவையே. வைரஸால் நலிந்த மூச்சுப்பாதையில் பாக்டீரியா புகுந்தால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம்.

டிஸ்டெம்பரிலிருந்து வேறுபடுத்தி அறிதல்

கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும் ஒவ்வொரு ஃபெரட்டுக்கும் இன்புளுயன்சாவே என்று கொள்ளலாகாது. டிஸ்டெம்பரும் அவ்வாறே தொடங்குகிறது. அது ஃபெரட்டுக்குப் பெரும்பாலும் உயிர்க்கொல்லி. இரண்டையும் பிரித்தறிய நான்கு செய்திகள் துணைபுரியும்.

முதலாவது, காலம். இன்புளுயன்சா தொற்றிய இரண்டொரு நாட்களில் தோன்றும். டிஸ்டெம்பருக்கு ஏழு முதல் பத்து நாட்கள் வரை ஆகும். இரண்டாவது, சூழல். அண்மையில் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டதா, அல்லது விலங்கு அறியாத நாயோடு பழகியதா என்று கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, தோல். டிஸ்டெம்பரில் முகவாயின் கீழும் அடிவயிற்றிலும் தடிப்பு எழும். உள்ளங்கால்கள் தடித்துக் கடினமாகும். கண்ணில் வடியும் நீர் திரண்டு இமைகளை ஒட்டவைக்கும். இன்புளுயன்சாவில் இவை காணப்படா. நான்காவது, போக்கு. இன்புளுயன்சா நாளடைவில் தணியும். டிஸ்டெம்பர் நாளுக்கு நாள் முற்றி வலிப்பில் முடியும். விலங்குக்கு டிஸ்டெம்பர்த் தடுப்பூசி இடப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஐயம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுதலே முறை.

பேணும் முறை

இன்புளுயன்சா வைரஸை வெல்வது விலங்கின் உடலே. பேணுபவர் செய்ய வேண்டுவது, அவ்வெற்றி கிட்டும் வரையில் விலங்கு நீரிழக்காமலும் பட்டினி கிடக்காமலும் மூச்சுத் திணறாமலும் காத்தலாகும்.

இடம்: நோயுற்ற விலங்கை மற்ற ஃபெரட்டுகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள அமைதியான அறையில் வைத்தல் வேண்டும். நேரான குளிர்காற்று படலாகாது. படுக்கை உலர்ந்தும் மென்மையாயும் இருத்தல் நலம். விலங்கு நடுங்குகிறதென்று எண்ணி அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தல் பெருந்தவறு. அறையின் வெப்பம் 32 சென்டிகிரேடு பாகையை எட்டினாலே நலமுள்ள ஃபெரட்டும் வெப்பத்தாக்கத்துக்கு ஆளாகும். காய்ச்சலுற்ற ஃபெரட்டின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நீர்: கவிழாத கனத்த கிண்ணத்தில் தூய நீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். பிடரித் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் அது உடனே தன் நிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினாலும், ஈறுகள் உலர்ந்து ஒட்டினாலும் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று அறியலாம். அந்நிலையில் மருத்துவர் தோலின் கீழ் நீர் செலுத்த வேண்டியிருக்கும்.

உணவு: ஃபெரட் மோப்பத்தால் உணவை அறியும் விலங்கு. மூக்கு அடைபட்டால் மணம் தெரிவதில்லை. மணம் தெரியாவிடில் உணவைத் தொடுவதில்லை. ஆதலின் உணவளிக்குமுன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் மூக்கையும் கண்களையும் துடைத்தல் வேண்டும். பின்னர், வேகவைத்து மசித்த கோழி இறைச்சியை வெங்காயமும் மசாலையும் சேர்க்காமல் நீர் கலந்து கூழாக்கி, உடல் வெப்ப அளவுக்குச் சூடாக்கி, சிறிது சிறிதாக மூன்று நான்கு மணிக்கொருமுறை கரண்டியில் காட்டலாம். விலங்கு தானே நக்கி உண்பதே சிறந்தது. உண்ண மறுத்தால் ஊசி நீக்கிய சிரிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சில துளிகளாக விட்டு, ஒவ்வொரு முறையும் விழுங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். தலையை நிமிர்த்திப் பிடித்து ஊற்றினால் உணவு மூச்சுக்குழலில் புகும். மூச்சு வாங்கும் விலங்குக்கு இவ்வாறு ஊட்டவே கூடாது. பசுவின் பாலும் இனிப்புப் பண்டங்களும் கழிச்சலை மிகுவிக்குமாதலால் விலக்கத்தக்கவை.

மருந்து: இங்கேதான் அன்பு மிகுந்தவர்களும் தவறு செய்கின்றனர். மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் மாத்திரையில் சிறு துண்டு கொடுத்தால் தீங்கில்லை என்று எண்ணுகின்றனர். ஐபுபுரோஃபென் மாத்திரை ஒன்றே ஒரு ஃபெரட்டின் உயிரைப் பறிக்கப் போதியது. பாராசிட்டமாலும் இடர் விளைவிப்பதே. மேலும், காய்ச்சல் என்பது வெறும் தொல்லையன்று. இன்புளுயன்சா கண்ட ஃபெரட்டுகளின் காய்ச்சலை மருந்தால் அடக்கியபோது அவற்றின் மூக்கில் வைரஸின் அளவு மிகுந்தது என்று 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வெப்பம் உயர்வது உடல் செய்யும் போரின் ஒரு பகுதி. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸை அழிக்கமாட்டா. பாக்டீரியா பின்தொடர்ந்தது என்று மருத்துவர் கண்டால் மட்டுமே அவை பயன்படும். வைரஸை எதிர்க்கும் மருந்துகளைக் கொடுப்பதா என்பதும் மருத்துவரின் முடிவுக்குரியது.

குறிப்பேடு: நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை, உண்ட அளவு, நீர் அருந்திய அளவு, மலத்தின் தன்மை, தும்மலின் நிறை குறைவு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். உடல் வெப்பத்தை அளப்பதாயின் விலங்கு அமைதியாக இருக்கும்போதே அளத்தல் வேண்டும். அஞ்சித் திமிறும் விலங்கின் வெப்பம் தானே உயர்ந்து காட்டும். ஒரு கிலோகிராம் எடையுள்ள விலங்கு நூறு கிராம் இழப்பது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

மருத்துவரை உடனே நாட வேண்டிய நிலைகள்

வாயைத் திறந்து மூச்சு விடுதல், ஈறுகள் நீலம் பாய்தல், ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாமை, மூக்கில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான சளி வடிதல், எழுந்து நிற்க இயலாமை, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் தாமதிக்கலாகாது. மூன்று நான்கு வயதைக் கடந்த ஃபெரட்டுகளில் கணையத்தில் கட்டி தோன்றி இரத்தத்தில் சர்க்கரை குறையும் நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. அத்தகைய விலங்குக்குச் சில மணி நேரப் பட்டினியே இடராகும். பாலுண்ணும் குட்டிகளிடம் தும்மல் கண்டால் அறிகுறி முற்றும் வரை காத்திருத்தல் ஆகாது.

தொற்றுச் சங்கிலியை அறுத்தல்

காய்ச்சலுற்றவர் ஃபெரட்டுக்கு உணவளிக்கும் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு வழியில்லையெனில், வாயையும் மூக்கையும் மூடும் கவசம் அணிந்து, கைகளைச் சோப்பினால் கழுவிய பின்னரே விலங்கை அணுகலாம். முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுதல் அந்நாட்களில் அறவே கூடாது. விலங்கு நோயுற்ற பின்னரும் இவ்விதிகளே பொருந்தும்; அப்போது காக்கப்பட வேண்டியவர் மனிதர். குழந்தைகள், கருவுற்ற பெண்டிர், முதியோர், ஆஸ்துமா உடையோர் ஆகியோர் நோயுற்ற விலங்கைக் கையாளாமல் இருப்பது நன்று.

இன்புளுயன்சா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உண்டு. சோப்பு அவ்வுறையைக் கரைத்து வைரஸைச் செயலற்றதாக்குகிறது. வழவழப்பான பரப்புகளில் வைரஸ் ஒன்றிரண்டு நாட்கள் வரை நிலைத்திருக்கக்கூடும். ஆதலின் கிண்ணத்தையும் கூண்டின் கம்பிகளையும் படுக்கைத் துணியையும் நாள்தோறும் சோப்பு நீரால் கழுவி உலர்த்துதல் வேண்டும். நலமுள்ள விலங்குகளுக்கு முதலிலும் நோயுற்றதற்கு இறுதியிலும் உணவளிப்பது எளிய, ஆயினும் பயன்மிக்க ஒழுங்கு. செல்ல ஃபெரட்டுகளுக்கு இன்புளுயன்சாத் தடுப்பூசி இடும் வழக்கமில்லை. வளர்ப்பவர் ஆண்டுதோறும் தமக்கு இட்டுக்கொள்ளும் தடுப்பூசியே அவருடைய ஃபெரட்டுக்கும் ஓரளவு காப்பாகிறது.

வகுப்பறைக்கு

ஃபெரட்டை ஒருநாளும் காணாத மாணவர்க்கும் இப்பாடம் பயன்படும். கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து, அவற்றில் காய்ச்சலுற்ற மனிதர், ஃபெரட், வீட்டிலுள்ள குழந்தை என்று எழுதி, இடையே அம்புக்குறிகள் இடலாம். ஒவ்வோர் அம்பின் மீதும் நோய் செல்லும் வழியை மாணவர் எழுதட்டும்: தும்மல், கை, கிண்ணம், படுக்கைத் துணி. பின்னர், எந்த அம்பை எச்செயலால் அழிக்கலாம் என்று வினவலாம். கவசம் ஒன்றை அழிக்கும். சோப்பு மற்றொன்றை அழிக்கும். தனியறை பிறிதொன்றை அழிக்கும். 1936இல் ஓர் ஆய்வாளர் முகத்தில் விழுந்த தும்மல் எந்த அம்பைச் சார்ந்தது என்பதையும் மாணவரே கண்டு சொல்வர்.

களப்பணியாளர்க்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. எவ்விலங்கின் நோயை விசாரிக்கச் சென்றாலும், விலங்குக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதோடு, அவ்வீட்டு மனிதர்க்கு அண்மையில் என்ன நோய் கண்டது என்றும் கேட்டறிதல் வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேளாதவர் நோய் வந்த வழியைக் காணாமலே திரும்புவர்.